ஆய்வுக் கட்டுரையில் உங்கள் குரலைக் கொண்டுவருவது எப்படி?

"தரவெல்லாம் இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று தெரியவில்லையே" என்று வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டாரா? கடைமடையில், அதாவது காவிரிப் பாசனத்தின் கடைசிப் பகுதியில், விளையும் குறுவை நெல் பற்றிய என் கட்டுரையைத் திருத்தியபோது கைகொடுத்த முறை இது.

முதலில் வரைவை அச்செடுங்கள். திரை வேண்டாம், காகிதமும் இரண்டு நிறப் பேனாவும் போதும். மற்றவர்கள் கண்டதற்கு நீலம், நீங்கள் செய்ததற்கும் நினைப்பதற்கும் சிவப்பு. விவாதப் பகுதி முழுக்க நீலமாக இருந்தால் வேலை அங்கேதான்.

அடுத்து, 'பட்டது', 'பட்டன' என்று முடிவதையெல்லாம் வட்டமிடுங்கள். "மண் மாதிரிகள் நிழலில் உலர்த்தப்பட்டன" அப்படியே இருக்கட்டும். யார் உலர்த்தினாலும் ஒன்றுதான். "கடைமடை வயல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன" அப்படியல்ல. தலைமடையை விட்டது உங்கள் முடிவு. "மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்பதால் கடைமடையைத் தேர்ந்தெடுத்தோம்" என்று எழுதுங்கள். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். வரிக்கு வரி 'நாங்கள்' வேண்டாம்.

அறிவியலில் இப்படி எழுதக்கூடாது என்பவர்கள் உண்டு. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ வடிவத்தை முன்வைத்த நேச்சர் கட்டுரை 'நாங்கள்' என்றுதான் தொடங்குகிறது.

அப்புறம், என்னை அதிகம் தடுமாற வைத்த இடம்: எவ்வளவு உறுதியாகச் சொல்வது? "தண்ணீர் தாமதமானதால் மகசூல் குறைந்தது" என்ற வரியைப் பாருங்கள். மகசூல் குறைந்ததை அளந்தோம். அதைத் தயங்காமல் சொல்லலாம். காரணத்தை அளக்கவில்லை. நாகப்பட்டினம் பக்கம் தண்ணீர் தாமதமானால் நடவு தள்ளிப்போகும். மண்ணில் உப்பும் இருக்கும். அதனால் இரண்டாக உடையுங்கள்: "மகசூல் குறைந்தது. நடவு தள்ளிப்போனது காரணமாக இருக்கக்கூடும். உப்பு குறைவான வயல்களிலும் இதையே கண்டோம்." அந்தக் கடைசித் துண்டில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். "இருக்கக்கூடும் என்று ஓரளவு எண்ணத் தோன்றுகிறது" என்று தயக்கத்தை அடுக்காதீர்கள். ஒரு 'கூடும்', அதன் பக்கத்திலேயே ஆதாரம். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு: செயப்பாட்டு வினை எல்லாவற்றுக்கும் கோடு போடும் மென்பொருளை அணைத்துவிடுங்கள். எது முடிவு, எது வெறும் வேலை என்று அதற்குத் தெரியாது.

பின்சேர்க்கை: தனியாக எழுதினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'தேர்ந்தெடுத்தேன்' என்றே எழுதுங்கள். வாசகரையும் சேர்த்துக்கொண்டு அட்டவணையைப் பார்க்கும்போது மட்டும் 'நாம்'. 'நான்', 'நாங்கள்' என்ற தன்மை இடமே கூடாது என்னும் இதழ் என்றால், "இக்கட்டுரை கடைமடையை எடுத்துக்கொள்கிறது, ஏனெனில்..." என்று மாற்றுங்கள். அந்த 'ஏனெனில்' மட்டும் விடுபடக்கூடாது.