படித்த நாவல் தொடராக வரும்போது: பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது எப்படி

புகழ்பெற்ற ஒரு நாவல் தொலைக்காட்சித் தொடராகப் போகிறது என்ற அறிவிப்பு வந்த அன்றே, ஒரு காட்சிகூட வெளிவராத நிலையில், அது கெட்டுவிட்டதாக வருந்தத் தொடங்கும் வாசகர்கள் எல்லா மொழிகளிலும் இருக்கிறார்கள். தொடர் வந்த பிறகு அவர்களிடமிருந்து எழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ‘புத்தகத்தில் இப்படி இல்லை’ என்பதுதான். அந்த வாக்கியத்தில் தவறில்லை என்றாலும் அது வெறும் தகவலாகவே நின்றுவிடுகிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று ஏன் சேர்ந்தது, இருந்த ஒன்று ஏன் போனது, அதனால் கதைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தொடங்கும்போதுதான் கேட்பவருக்கு ஒரு பயன் கிடைக்கிறது. நாவலைப் படித்துவிட்டுத் தொடரின் முன் உட்காருபவர் அந்த இடத்தை எப்படி அடையலாம் என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதல் பகுதியைப் பார்ப்பதற்கு முன்பு, புத்தகத்தைத் திறக்காமலேயே, நாவலில் உங்கள் நினைவில் நிற்கும் காட்சிகளையும் முகங்களையும் ஒரு பக்க அளவில் எழுதி வையுங்கள். தொடரோடு நாம் ஒப்பிடுவது பெரும்பாலும் நாவலை அன்று, நாவலைப் பற்றிய நம் நினைவைத்தான். நினைவு எவ்வளவு துணிச்சலாகப் புனையும் என்பதற்கு, ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பிபிசி 1995-இல் ஆறு பகுதிகளாக எடுத்த தொடரைவிட நல்ல சான்று கிடைக்காது. நனைந்த சட்டையோடு கதாநாயகன் டார்சி குளத்திலிருந்து எழுந்து வரும் காட்சியைத் தாங்கள் பார்த்ததாகப் பலரும் உறுதியாகச் சொல்வார்கள். 1813-இல் வெளிவந்த நாவலில் டார்சி குளத்தில் இறங்குவதே இல்லை. தொடரிலோ அவர் குளத்தில் பாய்கிறார், நீருக்கடியில் நீந்துகிறார், பிறகு ஈரச் சட்டையோடு நடந்து வரும்போது கதாநாயகி எலிசபெத்தை எதிர்கொள்கிறார். நீரிலிருந்து எழும் காட்சி அங்கும் கிடையாது. ஆனாலும் 2013-இல் லண்டன் ஹைட் பார்க்கிலுள்ள செர்பென்டைன் ஏரியில், நீரிலிருந்து எழும் டார்சியாக ஏறத்தாழ 12 அடி உயரச் சிலை ஒன்றை நிறுத்தினார்கள். நானும் ஒருமுறை, முக்கியமான ஒரு உரையாடலைத் தொடர் வெட்டிவிட்டது என்று நண்பரிடம் அரை மணி நேரம் வாதிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நாவலைப் புரட்டியபோது அப்படி ஓர் உரையாடல் அதில் எங்குமே இல்லை என்பதைக் கண்டேன். அன்றிலிருந்து அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதாமல் நான் எந்தத் தழுவலையும் பார்ப்பதில்லை.

அடுத்தது ஒரு சிறு கணக்கு. தொடரில் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், நாவல் எத்தனை பக்கம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை பிபிசி 1972-இல் ஒளிபரப்பத் தொடங்கியபோது இருபது பகுதிகள் எடுத்துக்கொண்டது. 2016-இல் அதே நிறுவனம் அதே நாவலை ஆறு பகுதிகளில் முடித்தது. ஆறு பகுதிகளில் எடுத்தவரிடம் இருபது பகுதிகளின் நிதானத்தை எதிர்பார்த்துவிட்டு, அவசரமாக ஓடுகிறது என்று குறைகூறுவது நியாயமாகாது. எதை விட்டால் மிச்சம் தாங்கும் என்பதை அவர் சரியாகக் கணித்தாரா என்று கேட்கலாம். நாவல் முதலில் எப்படி வெளிவந்தது என்பதும் உதவும். டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதந்தோறும் வந்த கதை. 2005-இல் அதைப் பதினைந்து பகுதிகளாக, முதல் பகுதியைத் தவிர மற்றவற்றை அரை மணி நேரத் துண்டுகளாக எடுத்தபோது, ஒவ்வொரு துண்டும் அடுத்து என்ன என்று ஏங்கவைக்கும் ஒரு கொக்கியில் முடிந்தது. மலிவான உத்தி என்று அதைத் தள்ளிவிடுவதற்கு முன், அடுத்த மாதப் பகுதிக்குக் காத்திருந்த பழைய வாசகர்களும் அந்தக் கொக்கியில்தான் தொங்கினார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகத் தேட வேண்டியது கதைசொல்லியின் குரலை. ‘கதை எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் ஏதோ இல்லை’ என்று பார்வையாளர்கள் தடுமாறும் இடங்களில், இல்லாமல் போனது பெரும்பாலும் அந்தக் குரல்தான். நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக் கோத்தால் ஆஸ்டினின் நாவல் ஐந்து பெண்களின் திருமணக் கதையாகச் சுருங்கிவிடும். அதை நாவலாக்குவது, எல்லாரையும் சற்றுத் தள்ளி நின்று பார்த்து உதட்டோரம் சிரிக்கும் குரல். கல்கி தம் நேயர்களை அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவதை நீக்கிவிட்டு ‘பொன்னியின் செல்வன்’ கதையைச் சொல்லிப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு தமிழ் வாசகருக்கு உடனே புரியும். எனவே பார்க்கும்போது, அந்தக் குரலுக்குத் தொடர் எங்கே இடம் கொடுத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1995 தொடரில், செல்வமுள்ள ஆணுக்கு மனைவி தேவைப்படும் என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொல்லும் நாவலின் முதல் வாக்கியம் எலிசபெத்தின் வாய்க்குப் போகிறது. கதைசொல்லியின் கிண்டல் பாத்திரத்தின் கிண்டலாக மாறுகிறது. எலிசபெத் கூடுதல் சாமர்த்தியசாலி ஆகிறாள், ஆனால் அவளையும் பார்த்துச் சிரிக்கக்கூடிய ஒருவர் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறார். இது லாபமா நட்டமா என்பதில் இரண்டு பேர் நேர்மையாக வேறுபடலாம். அத்தகைய வேறுபாட்டைத்தான் பேச வேண்டும்.

பின்னணிக் குரலை வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சீனத்தின் ‘செம்மாளிகைக் கனவு’ நாவல் 2010-இல் ஐம்பது பகுதிகளாக வந்தபோது, திரையில் நடப்பதையே பின்னணிக் குரலும் திரும்பச் சொல்கிறது என்று பார்வையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். கார்சியா மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ 2024 டிசம்பரில் தொடராக வெளியானபோது அதிலும் நாவலின் வாக்கியங்களைச் சொல்லும் குரல் இருந்தது. ஆனால் காலத்தை முன்னும் பின்னும் இழுக்கும் வேலை நாவலில் அந்த வாக்கியங்களுடையதுதான் என்பதால், அங்கே குரலுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. குரல் வரும் இடங்களில் சற்று ஒலியைக் குறைத்துப் பாருங்கள். காட்சி மட்டுமே போதுமானதாக இருந்தால் குரல் மிகை. காட்சிக்கு எட்டாத ஒன்றை அது கொண்டுவந்தால் அது தன் இடத்தைச் சம்பாதித்திருக்கிறது.

நடிகர் தேர்வு பற்றிய கோபத்தை மூன்றாம் பகுதி வரை ஒத்திப்போடுங்கள். கற்பனையில் பல ஆண்டுகள் குடியிருந்த முகத்தைக் காலி செய்ய இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதற்குள், நாவலாசிரியர் அந்தப் பாத்திரத்தின் தோற்றத்தைப் பற்றி உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். பல நாவல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் தேறாது. மேற்சொன்ன 2010 சீனத் தொடரில் பெண்களின் நெற்றியில் ஒட்டிய தலையலங்காரத்தைப் பார்வையாளர்கள் ‘செப்புக்காசுத் தலை’ என்று கேலி செய்தார்கள். சீன இசைநாடக மேடையின் ஒப்பனையிலிருந்து வந்த அலங்காரம் அது. மேடையில் அழகாக இருப்பது அண்மைக் காட்சியில் உறுத்துகிறது என்று சொல்லியிருந்தால் அந்தக் கேலிக்குள்ளேயே ஒரு நல்ல விமர்சனம் இருந்திருக்கும்.

அதே நாவல் இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. அதன் 120 அத்தியாயங்களில் முதல் எண்பது மட்டுமே சாவ் சுவேசின் எழுதியவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1987-இல் வந்த 36 பகுதித் தொடர், பிற்பகுதியை அப்படியே எடுக்காமல், மூல ஆசிரியர் என்ன முடிவை நினைத்திருப்பார் என்ற ஆய்வாளர்களின் ஊகத்தைப் பின்பற்றியது. 2010 தொடர் 120 அத்தியாயங்களையும் பின்பற்றியது. ‘மூலத்துக்கு உண்மையாக இல்லை’ என்று எழுதுவதற்கு முன் எந்த மூலம், எந்தப் பதிப்பு, எந்த மொழிபெயர்ப்பு என்பதைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. சுருக்கப் பதிப்பை மட்டும் படித்துவிட்டு, தொடரில் ‘புதிதாகச் சேர்த்த’ காட்சியைக் கண்டித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாத்திரங்கள் பேசும் மொழியைப் பற்றிய எதிர்வினையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விக்ரம் சேத்தின் ‘எ சூட்டபிள் பாய்’ ஆங்கில நாவல்தான். ஆனால் 2020-இல் அது தொடரானபோது, 1950-களின் வட இந்தியக் குடும்பங்கள் வீட்டுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது பல இந்தியப் பார்வையாளர்களுக்குச் செயற்கையாகப் பட்டது. நூலைப் படிக்கும்போது ஆங்கிலத்துக்கு அடியில் இந்தியை நம் காது தானே கேட்டுக்கொள்கிறது. திரையில் அந்த வசதி இல்லை. மார்க்வெஸ் தம் வாழ்நாளில் படமாக்கும் உரிமையை விற்க மறுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில், கதை ஸ்பானிய மொழியில்தான் பேசப்பட வேண்டும் என்பதும் ஒன்று.

நாவலைப் படிக்காத ஒருவரோடு சேர்ந்து பார்க்க முடிந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அடுத்து வருவதை அவரிடம் சொல்லாமல், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எங்கே குழம்பினீர்கள், யாரைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். நாவலை அறிந்தவர் தொடரின் ஓட்டைகளைத் தன் நினைவால் தன்னையறியாமல் அடைத்துக்கொள்கிறார். அவை ஓட்டைகள் என்று படிக்காதவர்தான் காட்டித்தர முடியும்.

இறுதியாக எழுதும்போது, தொடர் முழுவதையும் ஒரே சொல்லில் அளக்காமல் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அது எப்படி நடக்கிறது, தொடரில் எப்படி நடக்கிறது, அந்த மாற்றத்தால் யாரைப் பற்றிய நம் எண்ணம் மாறுகிறது என்று மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லுங்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதையும் ‘இது சரியாக அமையவில்லை’ என்பதையும் தனித்தனி வாக்கியங்களில் வையுங்கள். முதலாவதற்குக் காரணம் தேவையில்லை, இரண்டாவதற்குத் தேவை. எழுதியதை ஒரு வாரம் வைத்திருந்து, அந்த ஒரு காட்சியை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு, தொடங்கும் முன் எழுதிய ஒரு பக்க நினைவுக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திருத்த வேண்டிய வரிகள் எவை என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.