ஆற்றோரம் வீடு வாங்கும் முன்: வெள்ள வரைபடமும் இன்ஷூரன்ஸும்

டெக்சாஸில் ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. ஹில் கன்ட்ரி என்ற மேட்டுப்பாங்கான வட்டாரத்தில் ஆற்றைப் பார்த்தாற்போல் ஒரு வீடு, இரண்டு ஏக்கர் நிலம், மாமரம் பிழைக்காவிட்டாலும் நாலு பெக்கான் மரம். எனக்கும் இருந்தது. அங்கே கெர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) குவாடலூப்பே ஆற்றோரம் ஒரு இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். "இது ஃப்ளட் ஸோனில் (வெள்ள அபாயப் பகுதியில்) இல்லை, இன்ஷூரன்ஸ் தேவையில்லை" என்றார் இடத்தைக் காட்டியவர். "கட்டாயமில்லை" என்பதுதான் உண்மை. "தேவையில்லை" என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஃபெமா எனப்படும் அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு போடும் வெள்ள வரைபடம். இணையத்தில் இலவசம், முகவரியைத் தட்டினால் வந்துவிடும். உங்கள் இடம் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் பகுதிக்குள் இருந்தால், எந்த ஒரு வருடத்திலும் அங்கே வெள்ளம் வர குறைந்தது 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். இதற்குத்தான் "நூறு வருட வெள்ளம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டதும் போன வருடம்தானே வந்தது, இனி நம் பேரன் காலத்தில்தான் வரும் என்று ஆட்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. 30 வருட வீட்டுக்கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம், நாலில் ஒன்றுக்கும் மேல். 'எக்ஸ்' என்று போட்டிருந்தால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான். இல்லவே இல்லை என்று வரைபடம் எங்கும் சொல்லவில்லை.

கிராமப்புறக் கவுண்டிகளில் இன்னொரு சிக்கல். 'ஏஇ' என்று இருந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வெறும் 'ஏ' என்றால் விரிவான ஆய்வு நடக்கவில்லை, கோடு தோராயமாகப் போட்டது. சின்ன ஓடைகள் பலவற்றை வரைபடத்தில் சேர்ப்பதே இல்லை. நிறம் தீட்டாமல் விட்ட இடத்தில் ஆபத்து இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அங்கே யாரும் அளந்தே பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

அதனால் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு ஆற்றைப் பாருங்கள். அந்தப் பக்கத்து மண் சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிசாகப் படிந்த மண், சரிவும் அதிகம்; மழை உள்ளே இறங்காமல் நேராக ஆற்றுக்கு ஓடுகிறது. அந்த வட்டாரத்துக்கே 'ஃப்ளாஷ் ஃப்ளட் ஆலி' (திடீர் வெள்ளச் சந்து) என்றுதான் பட்டப்பெயர். 1987 ஜூலையில் கம்ஃபர்ட் ஊர் அருகே முகாமிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த பேருந்து வெள்ளத்தில் சிக்கி 10 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப்பே முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி ஏறியது, கெர் கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் பலி. ஹன்ட், கெர்வில், கம்ஃபர்ட் ஆகிய ஊர்களில் ஆற்றின் மட்டத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. பழைய உச்சங்கள் எவ்வளவு என்பதை அரசுத் தளத்திலேயே பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எலிவேஷன் சர்டிஃபிகேட் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு சர்வேயரை வைத்து எடுங்கள். கவுண்டி அலுவலகத்தில் வெள்ளச் சமவெளிக்கென்று ஓர் அதிகாரி இருப்பார், அவரிடம் பேசுங்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், வீட்டுக்குள் முன்பு வெள்ளம் புகுந்ததா, இழப்பீடு வாங்கினாரா என்பதையெல்லாம் விற்பவர் தனக்குத் தெரிந்தவரை எழுத்தில் சொல்ல வேண்டும்; அந்தப் படிவத்தை மேலோட்டமாகப் புரட்டாதீர்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காபி குடித்துக்கொண்டே தண்ணீர் எந்த மரம் வரை வந்தது என்று கேளுங்கள். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

சரி, இன்ஷூரன்ஸ். சாதாரண வீட்டு பாலிசி வெள்ளத்துக்குப் பணம் தராது. அதற்கென 1968-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் என்எஃப்ஐபி, அதாவது தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம். வழக்கமான ஏஜென்டிடமே வாங்கலாம், யாரிடம் வாங்கினாலும் விலை ஒன்றுதான். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். இரண்டும் தனித்தனி, வாய்விட்டுக் கேட்காவிட்டால் கட்டடத்துக்கு மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். பாலிசி பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், எனவே புயல் செய்தி பார்த்துவிட்டு ஏஜென்டைக் கூப்பிட்டுப் பயனில்லை. வீட்டுக்கடன் வாங்கும்போது கூடவே எடுத்தால் இந்தக் காத்திருப்பு கிடையாது.

'ஏ' பகுதியில் வங்கிக் கடனில் வாங்கினால் இது கட்டாயம். மற்றபடி யாரும் கேட்க மாட்டார்கள், ரொக்கமாக வாங்கினால் கேட்க ஆளே இல்லை. ஆனால் 2021 அக்டோபரில் வந்த புதிய முறைக்குப் பிறகு பிரீமியத்தை அந்த எழுத்து தீர்மானிப்பதில்லை. தண்ணீரிலிருந்து தூரம், உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு இவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. 'எக்ஸ்' என்பதால் மலிவு, 'ஏ' என்பதால் கொள்ளை விலை என்று பழைய கதையை நம்பாமல் ஒரு விலையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எதற்குக் கிடைக்காது என்பதைத்தான் கிராமத்து வீடு வாங்குபவர் முதலில் படிக்க வேண்டும். கிணறு, செப்டிக் டேங்க், வேலி, மரங்கள், வெளி டெக், எதற்கும் கிடையாது. வீடு பழுதாகி ஹோட்டலில் தங்கினால் அந்த வாடகையும் கிடையாது. காருக்கு அதன் சொந்த காம்ப்ரஹென்சிவ் பாலிசிதான் (மோதல் அல்லாத சேதங்களுக்கானது). நிலத்தடித் தளத்துக்குக் கொஞ்சமே கிடைக்கும். பொருட்களுக்குப் புதிய விலை இல்லை, தேய்மானம் கழித்த விலை. பத்து வருட சோபாவுக்கு என்ன தருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எப்படியும் அரசாங்கம் நிவாரணம் தரும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன், மானியம் இருந்தாலும் வீடு கட்டப் போதாது.

இன்றே ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். வெள்ளம் வந்துவிட்டால் ஏஜென்டுக்கு உடனே சொல்லுங்கள், நனைந்ததைப் படம் எடுக்காமல் குப்பையில் போடாதீர்கள், கம்பளத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட இழப்பு விவரம் 60 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்த இடத்தை நான் வாங்கவில்லை. வீடு மேட்டில்தான் இருந்தது. ஆனால் அங்கே போகும் ஒரே சாலை தாழ்வான தரைப்பாலம் வழியாக ஆற்றைக் கடந்தது. பெருமழைக்கு அதுதான் முதலில் முழுகும் என்று காபி கொடுத்த பெரியவர் சொன்னார்.