ஹேண்டில் உதறும்போது கை செய்யும் தவறு

ஓமலூர் தாண்டி தீவட்டிப்பட்டி பக்கம் பெங்களூரு ஹைவே நேராகக் கிடக்கும். ஓசூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போது அங்கேதான் என் பைக் முதல்முறையாக உதறியது. பின்னால் கேரியரில் 26 கிலோ அரிசிச் சிப்பம். வேகம் 90-ஐ ஒட்டி. ஒரு லாரியை முந்திக்கொண்டு வெளியே வந்ததும் காற்று பக்கவாட்டில் தள்ளியது, அடுத்த நொடி ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலை நெரித்துப் பிடித்தேன். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டேன். முன் பிரேக்கையும் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆட்டம் கூடியது. ரோடு காலியாக இருந்ததால் விழாமல் ஓரம் வந்து நின்றேன்.

மூன்றுமே தவறு. பயத்தில் யார் கையும் இந்த மூன்றைத்தான் செய்யும், அதனால்தான் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இறுக்கம். முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க் சாய்வாக நிற்கிறது அல்லவா? ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டிப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். பல வண்டிகளில் இந்த இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர். அச்சுக்குப் பின்னால் டயர் இழுபட்டு வருவதால், சக்கரம் சற்றுத் திரும்பினாலும் ரோடே அதை இழுத்து நேராக்கிவிடும். இதே அமைப்புதான் உதறலுக்கும் இடம் கொடுக்கிறது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நேராக வந்த சக்கரம் நடுவில் நிற்காமல் மறுபக்கம் தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி தாண்டுகிறது. பைக்கில் இது ஒரு நொடிக்கு நான்கு முதல் பத்து முறை நடக்கும். நம் கை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. சக்கரம் வலப்பக்கம் போகிறது என்று நாம் இடப்பக்கம் தள்ளும் நேரத்தில் அது ஏற்கெனவே இடப்பக்கம் வந்திருக்கும். நம் தள்ளலும் அதோடு சேர்ந்துகொள்ளும். முழங்கையை விறைத்துக்கொண்டால் உடம்பின் ஆட்டம் மொத்தமும் ஹேண்டிலுக்குப் போகும்.

ஹேண்டிலை விட்டுவிடவும் கூடாது. ஒரு குருவியைக் கையில் வைத்திருப்பது போன்ற பிடி போதும். முழங்கை தளர்ந்திருக்கட்டும். வண்டியைப் பிடிக்கும் வேலையைத் தொடைக்குக் கொடுங்கள், இரண்டு முட்டியாலும் டேங்கை அழுத்திக்கொண்டு உடம்பை முன்னால், டேங்கின் மேல் சாயுங்கள். முன் சக்கரத்தின் மேல் எடை ஏறும், காற்றின் தள்ளலும் குறையும். ஆக்ஸிலேட்டரை மெதுவாக, ஒரே சீராகக் குறைத்து வாருங்கள். வேகம் இறங்க இறங்க ஆட்டம் தானாக அடங்கும். பின்னால் ஆள் இருந்தால் அவரும் உங்களை ஒட்டி முன்னால் சாய வேண்டும், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மல்லாரக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே சொல்லி வைக்க வேண்டும், அந்த நேரத்தில் கத்தினால் காதில் விழாது.

முன் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? ஃபோர்க் அமுங்கும், சாய்வு நிமிரும், நேராக்கித் தரும் அந்த இடைவெளியே சுருங்கும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டாலும் கிட்டத்தட்ட அதே கதை. "முறுக்கு, முன் சக்கரம் லேசாகி ஆட்டம் நின்றுவிடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் நிற்கவும் செய்யும். ஆனால் அப்போது நீங்கள் 90-இல் இல்லை, 110-இல் இருப்பீர்கள். திரும்ப வேகம் இறங்கித்தானே ஆக வேண்டும்? அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆட்டம் நின்றதும் பெருமூச்சு விட்டுவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போவதுதான் இதையெல்லாம்விடப் பெரிய தவறு என்பேன். ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று வண்டி சொல்லிவிட்டது. நிறுத்தி முன் டயரை அழுத்திப் பாருங்கள், மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சராகக்கூட இருக்கும்.

மறுநாள் சேலம் திரும்பி, கொண்டலாம்பட்டியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினார். ஃபோர்க்கின் அடிப்பக்கத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். "தம்பி, ஒரு விரல்ல ஹேண்டிலை மெதுவாத் திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினேன். நேர் நடுவுக்கு வந்ததும் பள்ளத்தில் இறங்கின மாதிரி லேசாகச் சிக்கி நின்று, பிறகு தாண்டியது. ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டைக் கழற்றிக் காட்டினார். கிண்ணத்தின் உட்புறத்தில், குண்டுகள் உட்காரும் தடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். "ஏற்காடு நிறையப் போவீங்களா?" என்று கேட்டார்.

போவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் முன் பிரேக், ஃபோர்க் அமுங்கல், நடுவில் பள்ளம், வேகத்தடை. அத்தனை இடியும் கோன் செட்டில்தான் போய் இறங்குகிறது. ஆனால் மலையில் 30, 40 வேகத்தில் உதறல் பெரும்பாலும் வராது. அதனால் மலையில் கெட்டது ஹைவேயில் போய்த்தான் தெரிகிறது. ஏற்காடு, கொல்லிமலை என்று சுற்றுகிறவர்கள் இந்த விரல் சோதனையை மாதம் ஒருமுறை செய்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. குழி விழுந்த கோன் செட்டை முறுக்கி டைட் வைத்து ஓட்டுவதும் தவறு. 'டொக்' போகும், சிக்கல் அப்படியே இருக்கும். ஹேண்டில் தானாக நேராகத் திரும்பாமல் வண்டி அலையும்.

எனக்குக் கோன் செட் பாதி என்றால், அரிசிச் சிப்பம் மீதி. பின் அச்சுக்கும் பின்னால் எடை ஏற்றினால் அது நெம்புகோல் மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கும். லேசான முன் சக்கரம் சின்ன இடறலுக்கே ஆட ஆரம்பிக்கும். சுமை வேண்டுமென்றால் சீட்டின் மேலேயே, உங்களை ஒட்டி, தாழ்வாகக் கட்டுங்கள். ஹேண்டிலில் பை மாட்டுவது, பெரிய விண்ட்ஷீல்டு மாட்டுவது இரண்டும் வேண்டாம், லாரிக் காற்று நேராக ஸ்டீயரிங்கில் வந்து அடிக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வரும்போது இது நன்றாகவே தெரியும்.

இன்னொரு அடையாளம். ஹேண்டில் மட்டும் வேகமாகப் படபடத்தால் முன்பக்கம் பாருங்கள்: கோன் செட், முன் டயர், வீல் பேரிங், ரிம் கோணல். ஹேண்டில் அமைதியாக இருந்து, மொத்த வண்டியும் இடுப்பை அசைப்பது போல மெதுவாக அலைந்தால் பின்பக்கம்: ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், பின் டயர், சுமை. செயின் டைட் வைக்கும்போது பின் சக்கரம் கோணாமல் நேராக நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

டயர் காற்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல சின்ன வண்டிகளுக்கு முன்னால் 25 psi, தனியாகப் போனால் பின்னால் 28-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். ஹேண்டில் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். கோன் செட் போன வண்டியில் டேம்பர் மாட்டுவது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு புண்ணை விட்டுவிடுவது போல. ஆட்டம் மறையும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

சரி செய்த பிறகு 60-இல் கையை விட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள். நான் அதிகாலையில், சுமை இல்லாமல், இரண்டு கையும் ஹேண்டிலில் வைத்து 60, 70, 80 என்று படிப்படியாகத்தான் பார்த்தேன். தீவட்டிப்பட்டி நேர் ரோட்டில் வண்டி கம்பி மாதிரி போனது. தங்கை வீட்டு அரிசி இப்போது பஸ்ஸில் போகிறது.