கிராமப்புறக் கவுண்டியில் வீடு வாங்கும்முன்: வெள்ள வரைபடமும் வெள்ளக் காப்பீடும் படிப்படியாக

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே, ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஓடைக்கரையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. விளம்பரத்தில் "சோன் எக்ஸ், வெள்ளக் காப்பீடு தேவையில்லை" என்று போட்டிருக்கிறார்கள். சோன் என்பது அரசின் வெள்ள வரைபடத்தில் பிரித்துக் காட்டும் பகுதி. அதாவது, வங்கியைக் காப்பீடு கேட்கச் சொல்லி மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வளவுதான், தண்ணீர் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலைனாவின் மேற்கு மலைக் கவுண்டிகளை (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகளை) புரட்டிப்போட்டபோது, அங்கே வெள்ளப் பாலிசி வைத்திருந்த வீடுகள் மிகச் சில. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

படி 1: கவுண்டி திட்டத்தில் இருக்கிறதா?

1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை ஃபீமா என்ற மத்திய அவசரகால மேலாண்மை அமைப்பு நடத்துகிறது. உங்கள் கவுண்டியோ சிற்றூரோ இதில் சேர்ந்திருந்தால்தான் அங்கே பாலிசி கிடைக்கும். சேர்ந்த ஊர்களைப் பட்டியலிடும் ஃபீமாவின் கம்யூனிட்டி ஸ்டேட்டஸ் புக்கில் பெயரைத் தேடுங்கள். கவுண்டி சேர்ந்திருந்து, உள்ளே இருக்கும் ஊராட்சி சேராமல் இருப்பதும் உண்டு. அதனால் நிலம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். வெள்ள ஆபத்தைக் குறைக்க ஊர்கள் எடுக்கும் முயற்சிக்கு மதிப்பெண் தரும் சிஆர்எஸ் என்ற தரவரிசையில் கவுண்டி இருந்தால் பிரீமியத்தில் 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

படி 2: வரைபடத்தைப் படித்தல்

ஃபீமாவின் மேப் சர்வீஸ் சென்டரில் முகவரி கொடுத்தால் வெள்ள வரைபடம் இலவசமாக வரும். கிராமச் சாலை முகவரிகளில் குறி பெரும்பாலும் சாலையோரத்தில் விழும், வீடோ முந்நூறு அடி உள்ளே இருக்கும். முகவரியை நம்பாமல் செயற்கைக்கோள் படத்தை வைத்து வீட்டின் கூரையைத் தேடிப் பிடியுங்கள்.

ஏ அல்லது வி என்று தொடங்கும் சோன்கள் அதிக ஆபத்துப் பகுதி. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பது கணக்கு. சின்னதாகத் தெரியும், ஆனால் 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்துக்கு அது 26 சதவீதம், நாலில் ஒன்றுக்கு மேல். இந்த 1 சதவீத வெள்ளத்துக்கு வழங்கும் "நூறாண்டு வெள்ளம்" என்ற பெயரைக் கேட்டு, போன வருடம்தான் வந்தது, இனி 99 வருடம் கவலையில்லை என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எக்ஸ் சோனில் நிழலிட்ட பகுதி நடுத்தர ஆபத்து, நிழல் இல்லாதது குறைவு. டி என்றால் ஆய்வே செய்யவில்லை என்று பொருள்.

கிராமப்புறத்தில் அடிக்கடி கண்ணில் படுவது வெறும் "ஏ". ஏஇ சோனில் அடிப்படை வெள்ள மட்டம், அதாவது அந்த 1 சதவீத வெள்ளம் எட்டும் உயரம், அடிக்கணக்கில் அச்சிட்டிருக்கும். வெறும் ஏ சோனில் அந்த எண்ணே இருக்காது. விரிவான நீரியல் ஆய்வு இல்லாமல், கிடைத்த நில உயர வரைபடத்தை வைத்துத் தோராயமாக வரைந்த கோடு அது. மேட்டில் நிற்கும் வீடு உள்ளே மாட்டும், பள்ளத்து வீடு தப்பிவிடும். இன்னொன்று: சுமார் ஒரு சதுர மைலுக்குக் குறைந்த நீர்பிடிப்பு கொண்ட ஓடைகளை ஃபீமா பொதுவாக வரைவதே இல்லை. கொல்லைப்புறத்து வாய்க்கால் வரைபடத்தில் இல்லை என்றால் அது அலசப்படவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 3: வரைபடம் சொல்லாததை மண்ணிடம் கேளுங்கள்

வேளாண் துறையின் வெப் சாயில் சர்வே தளத்தில் நிலத்தை வரைந்து, வெள்ள நிகழ்வு என்ற அட்டவணையைத் திறங்கள். "ரேர்" என்றால் ஆண்டுக்கு 1 முதல் 5 சதவீத வாய்ப்பு, "அக்கேஷனல்" 5 முதல் 50, "ஃப்ரீக்வென்ட்" 50க்கு மேல். மண் அடுக்கில் வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலைப் பார்த்து எழுதியது இது. எக்ஸ் சோன் என்று போட்ட நிலம் இங்கே "அக்கேஷனல்" என்று வந்தால் மண்ணின் பேச்சை நம்புங்கள்.

பிறகு நேரில் போங்கள். வேலிக்கம்பியில் சிக்கிக் காய்ந்த சருகு எந்த உயரத்தில் இருக்கிறது, மரப்பட்டையில் சேற்றுக்கோடு இருக்கிறதா, வீட்டுத் தளத்துக்கு அடியில் தவழ்ந்து போகும் அளவுக்கு விட்டிருக்கும் வெற்றிடமான கிரால்ஸ்பேஸின் தூண்களில் நீர்த்தடம் தெரிகிறதா என்று பாருங்கள். சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட் குழாயையும் அளந்துகொள்ளுங்கள். 24 அங்குலக் குழாயில் கிளையும் குப்பையும் அடைத்தால் சாலை அணையாகிவிடும், தண்ணீர் உங்கள் முற்றம் வழியாகத்தான் போகும். பக்கத்து வீட்டில் பத்து நிமிடம் பேசினால் இதில் பாதி தெரிந்துவிடும்.

படி 4: உயரம் அளப்பது, வரைபடத்தைத் திருத்தக் கேட்பது

உரிமம் பெற்ற சர்வேயர் வீட்டின் உயரத்தை அளந்து தருவது எலிவேஷன் சர்டிஃபிகேட். கிரையம் முடியும்முன் விற்பவரிடமோ வெள்ளப் பகுதி விதிகளைக் கவனிக்கும் கவுண்டியின் ஃப்ளட்ப்ளெயின் அலுவலரிடமோ பழைய பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள், செலவு மிச்சமாகும். அதில் பார்க்க வேண்டியது, வீட்டைத் தொட்டு நிற்கும் தரையின் மிகத் தாழ்ந்த புள்ளி. அடிப்படை வெள்ள மட்டம் 612.0 அடி, அந்தப் புள்ளி 613.4 அடி என்று வைத்துக்கொள்வோம். இயற்கைத் தரையே அந்த உயரத்தில் இருந்தால், வீட்டை அதிக ஆபத்துப் பகுதியிலிருந்து நீக்கும் லோமா என்ற திருத்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒற்றை வீட்டுக்கு எம்டி-ஈஸி படிவம், ஃபீமா கட்டணம் வாங்காது, சர்வேயர் கூலி மட்டும் உங்களுடையது. மண் கொட்டி உயர்த்திய மனைக்கு இது செல்லாது. அதற்கு வேறு விண்ணப்பம், கட்டணமும் உண்டு.

வெறும் ஏ சோனில் ஒப்பிட எண் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். 5 ஏக்கருக்குள் என்றால் ஃபீமாவே மட்டத்தைக் கணக்கிட்டுத் தரும்.

லோமா வந்ததும் பாலிசியை ரத்து செய்வது பெரிய தவறு. அந்தக் கடிதம் நீக்குவது சட்டக் கட்டாயத்தை மட்டும்தான். வங்கி விரும்பினால் அப்போதும் கேட்கலாம், ஆறோ கடிதத்தைப் படிக்காது.

படி 5: விலை கேட்பது

2021 அக்டோபரில் புதிய பாலிசிகளுக்கும் 2022 ஏப்ரலில் புதுப்பித்தலுக்கும் ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற புதிய விலைக் கணக்கீட்டு முறை வந்தது. பிரீமியம் இப்போது சோன் எழுத்தைப் பொறுத்ததல்ல. நீர்நிலைக்கு எவ்வளவு தூரம், தரை உயரம், அஸ்திவார வகை, திரும்பக் கட்ட ஆகும் செலவு ஆகியவைதான் கணக்கு. முதன்மைக் குடியிருப்புக்கு ஆண்டு உயர்வு பொதுவாக 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கேளுங்கள், பழைய தள்ளுபடி விலையும் கூடவே வரும். கிரையம் முடிந்தபின் நினைவு வந்தால் பலனில்லை.

அரசுத் திட்டப் பாலிசியை எந்த ஏஜென்ட் விற்றாலும் ஒரே விலை. தனியார் வெள்ளப் பாலிசிகள் வேறு, அவற்றை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே அமலாகும். மற்றபடி 30 நாள் காத்திருப்பு. புயல் கடலில் கிளம்பியபின் ஏஜென்ட்டைக் கூப்பிட்டால் அந்தப் புயலுக்கு உதவாது.

படி 6: எதற்குப் பணம், எதற்கு இல்லை

வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000. இரண்டும் தனித்தனியாக வாங்க வேண்டியவை, கழிவுத்தொகையும் (இழப்பில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) தனித்தனி. வங்கி கேட்பது பொதுவாகக் கட்டடத்துக்கு மட்டுமே. "பாலிசி இருக்கிறது" என்று நம்பியிருந்தவரின் சோபா, மெத்தை, துணிமணிக்குச் சல்லிக்காசு வராமல் போவது இதனால்தான். பொருள்களுக்குத் தேய்மானம் கழித்தே தருவார்கள்.

கிராமத்து வீட்டில் அடிபடுவது இந்தப் பட்டியல்: கிணறு, செப்டிக் டாங்க், வேலி, பயிர், கால்நடை எதற்கும் பணமில்லை. தனிக் கராஜுக்குக் கட்டடத் தொகையில் 10 சதவீதம் வரை எடுக்கலாம், ஆனால் அது வீட்டுத் தொகையிலிருந்தே கழியும். தொழுவத்துக்கும் களஞ்சியத்துக்கும் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். பேஸ்மென்டில் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், தேங்கும் நீரை இறைக்கும் சம்ப் பம்ப், மின் பலகை ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. அங்கே போட்ட தரைவிரிப்பும் சோபாவும் கிடையாது. வாடகைக்கு வேறிடத்தில் தங்கும் செலவும் கிடையாது.

கிரால்ஸ்பேஸ் வீடு என்றால் வெள்ளத் துளைகளைக் கவனியுங்கள். ஒரு சதுர அடி தரைக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு, வெவ்வேறு சுவர்களில் குறைந்தது இரண்டு, துளையின் அடிப்பகுதி தரையிலிருந்து ஓர் அடிக்குள். 1,200 சதுர அடிக்கு 1,200 சதுர அங்குலம். குளிர்காலத்தில் கையால் மூடி வைக்கும் காற்றுத் துளைகள் கணக்கில் வராது, ஏனென்றால் தண்ணீர் தானாக உள்ளே வந்து வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் வெளியழுத்தம் சுவரைச் சாய்த்துவிடும்.

படி 7: தண்ணீர் வடிந்தபின்

எதையும் தூக்கிப்போடும் முன் நீர்க்கோட்டை அளவுநாடாவோடு படம் எடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷர் ஆகியவற்றின் சீரியல் எண்ணையும் எடுங்கள். நனைந்த தரைவிரிப்பில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அகற்றலாம், பூஞ்சை பிடிக்க விட்டால் அந்தச் சேதத்தை மறுப்பார்கள். அன்றே ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட இழப்புச் சான்று 60 நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். சேதத்தைப் பார்க்க வரும் காப்பீட்டு மதிப்பீட்டாளர் எழுதுவது குறைவாகத் தோன்றினால், கான்ட்ராக்டரின் மதிப்பீட்டை இணைத்து உங்கள் எண்ணையே அதில் எழுதலாம்.

சேதம் வீட்டின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், ஏ சோன் வீட்டை இன்றைய விதிப்படி உயர்த்தாமல் கவுண்டி பெர்மிட் தராது. அந்தச் செலவுக்கென்று பாலிசியிலேயே 30,000 டாலர் வரை உண்டு. அதைப் பெற, கவுண்டி அலுவலர் எழுதித் தரும் பெருஞ்சேதக் கடிதம் வேண்டும். பழுதுவேலையைத் தொடங்கும்முன் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.