முதல்முறையாக வெளிநாட்டு மாநாட்டுக்கு: பாஸ்போர்ட்டிலிருந்து மேடை வரை

உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்ததும் கை தானாக விமான டிக்கெட்டைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு வேலையும் அதற்கு முந்தைய வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வரிசை தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

படி 1: பாஸ்போர்ட்

காலாவதித் தேதியைப் பாருங்கள். இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் இருக்க வேண்டும். அதே நாடுகளுக்கு, பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அதில் 2 வெற்றுப் பக்கங்களாவது இருப்பதாகவும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் இப்போதே செய்துவிடுங்கள். புதுப்பித்தால் எண் மாறும். அந்த எண்தான் இனி எல்லாத் தாளிலும் ஏறப்போகிறது.

படி 2: அழைப்புக் கடிதம்

மாநாட்டுக்குப் பதிவு செய்துவிட்டால் கடிதம் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். பல மாநாடுகளில் தனியாகக் கேட்டால்தான் தருவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், மாநாட்டின் தேதிகள், இடம், நீங்கள் பேசப்போகும் தலைப்பு, செலவை ஏற்பவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

படி 3: விசா

எந்த வகை விசா என்பதைத் தூதரகத்தின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். அமெரிக்காவுக்கு விசா தேவைப்படுபவர்கள் மாநாட்டுக்குப் போவது பொதுவாக பி-1 என்ற வணிக வகையில். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் தாமதம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் இதில் முக்கியம். என் முதல் பயணத்தில் அழைப்புக் கடிதம் மாநாட்டின் மூன்று நாட்களை மட்டும் சொன்னது. அலுவலகத்தின் விடுப்புக் கடிதமோ, அதற்கு முந்தைய இரண்டு நாள் பயிலரங்கையும் சேர்த்து ஐந்து நாள் என்றது. தூதரகத்தில் விளக்கம் கேட்டார்கள், புதுக் கடிதம் வாங்கிக் கொடுப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. அதனால் அழைப்பு, விடுப்பு, தங்குமிடம், காப்பீடு, டிக்கெட் ஐந்தையும் மேசையில் பரப்பி ஒரே நேரத்தில் படித்துப் பாருங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளே நல்லது. வழியில் விமானம் மாறும் நாட்டுக்கும் இடைவழி விசா தேவையா என்று பார்த்துவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 4: டிக்கெட்

இணைப்பு விமானங்களை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. உடல் புதிய நேரத்துக்குப் பழக, ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஒரு நாள் என்று தோராயமாகக் கணக்கு. மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கடினம். பேசும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள். நேர வித்தியாசம் அதிகமென்றால் இரண்டு நாள்.

படி 5: பேச்சு

15 நிமிடம் என்றால் கேள்வி நேரமும் அதற்குள்ளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 12 நிமிடப் பேச்சு, 3 நிமிடக் கேள்வி என்றுதான் இருக்கும். கடிகாரத்தை வைத்து, எழுந்து நின்று, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும். முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், அதற்குள் குரல் நிலைத்துவிடும். அரங்கில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. நிதானமாகப் பேசுவது அவர்களுக்கு நீங்கள் காட்டும் மரியாதை. கேள்வி புரியவில்லை என்றால் "நீங்கள் கேட்பது இதுதானா?" என்று உங்கள் சொற்களில் திருப்பிக் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

ஸ்லைடுகளுக்கு ஒரு பி.டி.எஃப். பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு கணினியில் எழுத்துரு சிதைவதிலிருந்து அது காப்பாற்றும். பேச்சுக்குப் பதில் போஸ்டர் (ஆய்வைச் சுருக்கி ஒட்டிவைக்கும் பெரிய தாள்) என்றால் பலரும் கேட்பது ஏ0 அளவு, 841 × 1189 மில்லிமீட்டர். நெடுக்காகவா கிடையாகவா என்பதை அச்சுக்குக் கொடுக்கும் முன் உறுதிசெய்யுங்கள். துணியில் அச்சிட்டால் மடித்தே கொண்டுபோகலாம்.

படி 6: பெட்டி

சரக்கில் போடும் பெட்டி வராமல் போனாலும் நீங்கள் பேச முடிய வேண்டும். ஒரு செட் உடை, மருந்துகளும் மருத்துவர் சீட்டும், லேப்டாப், போஸ்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே அனுமதி, 100 வாட்-மணி வரை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது சுமார் 74 வாட்-மணிதான். கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பியில் வேண்டாம். பிளக் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அடாப்டர் ஒன்று அவசியம்.

படி 7: போய் இறங்கியதும்

அழைப்புக் கடிதம், தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். குடிவரவு அதிகாரியிடம் "மாநாட்டில் கலந்துகொள்ள வந்திருக்கிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன்" என்று சொன்னால் போதும். "வேலைக்காக வந்தேன்" என்றால் அங்கே வேலை பார்க்க வந்ததாகப் பொருள்படும்.

பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து, அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999 மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும்.

படி 8: மாநாட்டில்

எல்லா அமர்வுக்கும் ஓட வேண்டாம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, சந்திக்க விரும்பும் நான்கு பேருக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு வரி எழுதுங்கள்: அவர்களுடைய எந்த ஆய்வு உங்களுக்கு உதவியது, என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று. தேநீர் இடைவேளையில் தயங்கி நிற்பதற்குப் பதில் "நான்தான் எழுதியிருந்தேன்" என்று போய்ப் பேசலாம். என் துறையில் இன்றும் நான் சந்தேகம் கேட்கும் ஒருவரை அப்படித்தான் அறிந்தேன். பேசி முடித்ததும், என்ன பேசினீர்கள் என்பதை அவர் தந்த அட்டையின் பின்புறம் குறித்துவையுங்கள். ஊர் திரும்பிய முதல் வாரத்தில், போர்டிங் பாஸையும் ரசீதுகளையும் அலுவலகத்தில் கொடுக்கும் அதே நாளில், அவர்களுக்கும் எழுதிவிடுங்கள்.