‘நாளைக்கே காலி பண்ணு’ என்று மிரட்டினால் செய்யக்கூடாத தவறுகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு இந்த மிரட்டல் புதிதல்ல. முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார்கள். அப்புறம் தண்ணீர் மோட்டாரைப் போட மாட்டார்கள். கடைசியில், வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவில் வேறு பூட்டு தொங்கும். மூன்றுமே சட்டவிரோதம். காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. வீட்டுக்காரருக்கோ அவர் கூட்டிவரும் ஆட்களுக்கோ கிடையாது.

பலர் செய்யும் பெரிய தவறு, பயந்துபோய்ச் சாமானை ஏற்றிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் நீங்களாகவே காலி செய்துவிட்டதாக நாளைக்குச் சொல்வார்கள். ‘அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், இதில் ஒரு கையெழுத்து போடு’ என்று வெற்றுத்தாளை நீட்டினாலும் போடாதீர்கள்.

அடுத்தது, கோபத்தில் வாடகையை நிறுத்துவது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், இரண்டு மாத பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் அதையே காரணமாக்கி வெளியேற்றக் கேட்கலாம். அந்தக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. கையில் வாங்க மறுத்தால் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் இந்தச் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பான வாடகை ஆணையத்திடம் செலுத்த வழி இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விடுவது நம் பக்கம் ரொம்ப சகஜம். பின்னால் கட்டியதற்கு ஆதாரமே இருக்காது.

மின்சாரம், தண்ணீரை நிறுத்தினால் வீட்டுக்காரரோடு வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை. பிடுங்கிய ஃபியூஸ், காய்ந்த குழாய், மாற்றிய பூட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வாடகை ஆணையத்திடம் மனு கொடுங்கள். விசாரணை முடிவதற்கு முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அதற்கு அதிகாரம் உண்டு.

காவல் நிலையத்தில் ‘இது சிவில் மேட்டர்’ என்று சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். வாடகைத் தகராறு சிவில்தான், சரி. ஆனால் வீட்டுக்குள் புகுவதும், சாமானைத் தூக்கித் தெருவில் எறிவதும், அடிப்பதும் குற்றம். நடந்ததை எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதும் ஆபத்து. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்காக அவரே பூட்டுப் போட முடியாது. வாய்ப்பேச்சில் இருப்பவர்கள் இப்போதே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். லீசுக்கு லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பணம் கைக்கு வரும்வரை சாவி கைமாறக் கூடாது.

ஏற்கெனவே வெளியே தள்ளிவிட்டார்களா? ‘போனது போச்சு’ என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) 6ஆம் பிரிவின்படி, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் வீட்டைத் திரும்பப் பெறலாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.