கடலோரத்தில் பழைய வீடு: கம்பித் துருவைக் காட்டி விலை பேசுவது எப்படி

இராமநாதபுரம் கடலோரத்தில் பழைய கான்கிரீட் வீட்டுக்கு விலை பேசும்போது முதல் பேச்சு மேல்தளத்துக் கம்பியைப் பற்றியதாக இருக்க வேண்டும். வீட்டைச் சோதிக்கும் பொறியாளரின் அறிக்கையில் முப்பது குறை இருக்கலாம். விற்பவரிடம் கொண்டுபோக வேண்டியவை நாலைந்துதான். முப்பதையும் நீட்டினால் தாழ்ப்பாளுக்கும் பெயிண்டுக்கும் வாதாடியே அவர் பொழுதைக் கழித்துவிடுவார்.

வீட்டைச் சோதிப்பது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதாமல் பணம் கொடுத்துவிட்டால், பிறகு குறையைக் காட்டித் திரும்பக் கேட்பது பெரும்பாடு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவரே சொல்லியாக வேண்டும் என்கிறது. கண்ணெதிரே தெரியும் விரிசலுக்கு அது உதவாது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரை நம்பியும் இருந்துவிடாதீர்கள். அவர் வருவது கடன் தொகைக்காக, கம்பியைப் பார்க்க அல்ல.

தளத்தின் அடிப்பக்கம் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, சதுர அடி அளந்து, படம் எடுத்துவையுங்கள். பேரம் அந்த எண்ணின் மேல்தான் நிற்கப்போகிறது. சன்ஷேடு, பால்கனி, குளியலறைக்கு மேலுள்ள தளம் ஆகியவற்றைக் கூடுதலாகத் தட்ட வேண்டும். ஒரு அறையின் கூரைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அங்கேதான் முதலில் ஏணி போட வேண்டும்.

வீட்டுக்காரர் சம்மதித்தால் ஓரிடத்தில் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பியின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளக்கலாம். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்டக் கால்வாசி போய்விட்டது. புதுக் கம்பி சேர்க்காமல் ஆகாது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனத்தையும் அப்போதே அளந்துகொள்ளுங்கள். கடற்காற்று படும் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது 45 மி.மீ. பழைய தளங்களில் 15, 20 இருந்தாலே பெரிது.

சிலர் காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் திரவத்தைத் தெளித்து, கான்கிரீட் இளஞ்சிவப்பானதும் ‘நல்லா இருக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சோதனை கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்துவிட்டதா என்று மட்டுமே காட்டும், உப்பைக் காட்டாது. இந்தக் கரையில் கம்பியைத் தின்பது உப்புதான்: காற்றில் வருவது, கட்டும்போது ஊற்றிய உவர்நீரில் இருந்தது, கழுவாத கடல் மணலில் இருந்தது. சந்தேகம் இருந்தால் துளையிட்டுத் தூள் எடுத்து, உப்பைக் காட்டும் குளோரைடு சோதனைக்கு அனுப்புங்கள்.

இவ்வளவையும் காட்டினால் விற்பவர் சொல்லும் முதல் பதில், “கிரயத்துக்கு முன்னாடி நானே சரி பண்ணிக் குடுத்துடுறேன்.” ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசினால், அதுவரை துருப்பிடித்துக்கொண்டே பக்கத்துக் கம்பியைக் காத்துவந்த பகுதி அடங்கிவிடும். பிறகு ஒட்டுப் போட்ட விளிம்பையொட்டி, பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள் துரு வேகமெடுக்கும். ஒழுங்கான வேலைக்கு முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்புறமும் 20 முதல் 25 மி.மீ. வரை கொத்தி, துரு நீக்கி, துத்தநாகப் பிரைமர் அடித்து, தேவையான இடத்தில் கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். வீட்டை விட்டுப் போகப்போகிறவர் அந்தச் செலவைச் செய்யமாட்டார், பூசி வெள்ளையடித்துவிடுவார். விலையைக் குறைத்துக்கொண்டு வேலையை நீங்களே செய்வதுதான் நல்லது.

எவ்வளவு குறைக்கச் சொல்வது? இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். சதுர அடி, கம்பி எடை, முட்டு, இடிபாடு அகற்றுவது தனித்தனியாக இருக்கட்டும். உதாரணத்துக்கு ஒன்று 1,80,000, மற்றது 2,20,000 என்றால் சராசரி 2,00,000. கொத்த ஆரம்பித்தால் வட்டம் பெரிதாகும், ஆகவே கால்வாசி கூட்டி 2,50,000 கேட்கலாம். 2,00,000க்குக் கீழே இறங்க வேண்டாம்.

தரகர் மூலம் பேசாமல் நேரில், அந்தத் தளத்துக்குக் கீழேயே நின்று பேசுங்கள். “அண்ணே, விலையை அடிச்சுக் கேக்கல. 110 சதுர அடி கழண்டு நிக்குது, நீங்களே தட்டிப் பாருங்க.” அவர், “பழைய வீடுன்னுதானே விலையைக் கம்மியா சொல்லியிருக்கேன்” என்பார். “வயசுக்குக் கழிச்சீங்க, சரிண்ணே. கம்பி போனது உங்களுக்கே தெரியாதுல்ல, அதுக்கு மட்டும்தான் பேசுறேன்.” இனி அது அவருக்குத் தெரியும், அடுத்து வருபவரிடம் அவரே சொல்ல வேண்டிய குறையாகிவிட்டது. இதை மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை, அவருக்கே புரியும்.

மெயின் போர்டு, எர்த், தண்ணீர்க் குழாய் போன்றவற்றை விற்பவரே மாற்றித் தரலாம். முடிந்ததும் சோதித்துப் பார்க்க முடிகிற வேலைகள் அவை. மொட்டை மாடி ஒழுகலை ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்ப்பதே சரி. கோடையில் என்றால் மழைநீர்க் குழாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் 24 மணி நேரம் நிற்கட்டும். சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை ஏறும். கம்பி மெலிந்த தளத்தில் இதைச் செய்யக் கூடாது.

போர் தண்ணீரை மோட்டார் போட்டதும் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒருமுறை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளங்கள். இரண்டாவது எண் ஏறியிருந்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலே வருகிறது என்று பொருள். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. இதைப் பழுது பார்க்க முடியாது. விலையில் கழியுங்கள், அல்லது வேறு வீடு பாருங்கள்.

பேசி முடித்ததைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள்: குறைத்த விலை, விற்பவர் செய்யும் வேலைகள், கடைசித் தேதி, செய்யாவிட்டால் கழிக்கும் தொகை. பதிவன்று காலை பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து பவர் ஏஜென்ட் விற்றால், விலையைக் குறைக்கும் அதிகாரம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பேரத்துக்கு முன்பே படித்துப் பாருங்கள். இல்லையென்றால் உரிமையாளரிடமே பேசி எழுத்தில் வாங்குங்கள்.